வெறும் உருண்டை

உள்ளே போன மனிதர் இன்னும் வெளியே வரவில்லை. அப்படி என்னதான் பேசுகிறார்கள்? மூச்சு இளைக்கிறது, மருந்து கொடுங்கள் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? தமயந்தி மூடியிருந்த கதவைப் பார்த்தாள். கதவுக்கு மேலே, இந்த ஹோமியோபதியைக் கண்டுபிடித்த ஜெர்மன்காரரின் படம், அதற்கு ஒரு பிளாஸ்டிக் சந்தன மாலை. வைத்தியத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? தில்லை நகரில் நெஞ்சு டாக்டரின் அறையில் நுரையீரல் படம் மாட்டியிருக்கிறது, சிவப்பும் நீலமுமாக. அதற்கு ஒருவரும் மாலை போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, நுரையீரல் நிஜமாகவே இருக்கிறது. மாலை போட்டிருந்தால் ஊதுபத்தியும் இருக்கவேண்டுமே என்று அவள் மூக்கு தானாகவே தேடியது. இல்லை. ஸ்பிரிட் வாசனைதான். நல்லவேளை, புகை அவருக்கு ஆகாது. உறையூரில் ஒரு பழைய வீட்டின் முன்கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்த இடம் இது. மாடி ஏறி வரவேண்டும். இளைப்பு நோயாளிகள் வருகிற இடத்தை மாடியில் வைத்திருக்கிறார் பார் என்று முதல் நாளே மனதுக்குள் ஒரு குறை எழுதிக்கொண்டாள். இன்றைக்குப் படியேறும்போது அவள் கணவர் குலசேகரன் நடுவில் ஒரு தடவை நின்றார். செருப்பு வாரைச் சரி செய்கிறேன் என்று குனிந்தார். அதற்கு அவ்வளவு நேரமா என்று அவள் கேட்கவில்லை, ஏனென்றால் அவள் மனசு முழுக்க இன்று சொல்லப்போகிற பேச்சில் இருந்தது. மகளிர் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவி. வகுப்புக்குப் போகும் முன் பாடத்தை ஓட்டிப் பார்ப்பதுபோல இன்று காலையிலிருந்து அந்தப் பேச்சை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை வந்தபோது அவளையும் உள்ளே உட்கார வைத்திருந்தார் டாக்டர் அம்புரோஸ். வெள்ளை மீசை, தேய்ந்த சட்டைக் காலர், அவசரமே இல்லாத குரல். அந்த அவசரமின்மையைத்தான் அவள் முதலில் சந்தேகப்பட்டாள். எந்த டாக்டருக்கு நேரம் இருக்கிறது? நேரம் இருக்கிறவர் டாக்டராக இருக்க முடியுமா? ஸ்டெதாஸ்கோப் மேஜையில் சும்மா கிடக்க, அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போனார். எந்தப் பக்கம் படுப்பீங்க சார், இனிப்பு பிடிக்குமா உப்பு பிடிக்குமா, இடி இடிச்சா பயமா, உள்ளங்கால் எரியுமா. தமயந்திக்குச் சிரிப்பு முட்டியது. உள்ளங்காலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் என்ன சம்பந்தம்? பிறகு அந்த மனிதர் அதே குரலில், "தனியா இருக்கும்போது அழுவீங்களா சார்?" என்று கேட்டார். டெலிபோன் ஆபீஸில் காலம் முழுக்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற குலசேகரன், சொந்தத் தாய்க்குக் கொள்ளி வைத்தபோதுகூடக் கண் கலங்காத குலசேகரன், மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டே, "எப்பவாவது" என்றார். எப்பவாவது! எப்போது? எதற்கு? எந்த அறையில்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் வராத அந்த ஒரு சொல், முன்பின் தெரியாத ஒரு மீசைக்காரரிடம் கேட்டவுடனே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அவர் வாயைக் கிளறிப் பார்த்தாள். "சும்மா சொன்னேன்" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அடுத்த தடவையிலிருந்து அவர் மட்டும் உள்ளே போக, இவள் வெளியே உட்கார வேண்டியதாகிவிட்டது. உள்ளே அவளைப் பற்றித்தான் பேசுகிறாரோ? என் பெண்டாட்டி எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பாள் சார், சோறு வெந்ததற்குக்கூட ஆதாரம் கேட்பாள் என்று? இருக்கும். அந்த டாக்டர் அதையும் ஒரு நோய்க்குறியாக எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு மாத்திரை வைத்திருப்பார்.

எல்லாம் அந்தக் குளித்தலைக் கல்யாணத்தில் தொடங்கியது. போன கார்த்திகை. அடைமழைக்கு மண்டபத்தின் ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள், ஹோமப் புகை வெளியே போக வழியில்லாமல் கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பந்தியில் உட்கார்ந்தவர் பாயசத்துக்குக் கையை நீட்டினார், நீட்டிய கை அப்படியே நின்றது. யாரோ ஏதோ கேலி பேசுகிறார்கள், இவர் பதில் சொல்ல யோசிக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் நகங்கள் நீலமாவதைப் பார்த்தது அவள் இல்லை, பரிமாறிய ஆள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான், பார்த்தது சாம்பார் வாளி வைத்திருந்தவன். காரில் போகும்போது அவர் தலை அவள் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டிக் காற்றைச் செலுத்திய டாக்டர் பெண், அவள் மகள் வயதுதான் இருக்கும், "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டம்மா. தினமும் இழுக்கவேண்டிய இன்ஹேலரை ஏன் இழுக்கல?" என்று அவளைத் திட்டினாள். அவரை இல்லை, அவளை. ஏன் இழுக்கவில்லை என்றால் அவருக்கு வெட்கம். ஆபீஸில் யாரோ எப்போதோ, என்ன சார் கஞ்சாவா என்று கேட்டுவிட்டான். பழகினால் விடாது என்று இன்னொருவன் ஓதிவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நாள் ஒழுங்காக இழுத்தார், கூடவே நண்பர் ஒருவர் பேச்சைக் கேட்டு இங்கேயும் வந்தார். பொங்கல் கழிந்ததும் இன்ஹேலர் அலமாரிக்குப் போனது, சீனி உருண்டைக் குப்பி மேஜைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தமயந்தியால் பொறுக்கவே முடியவில்லை. அவருக்கு நன்றாகிவிட்டது.

"எத்தனை வருஷமா இவர்கிட்ட காட்டுறீங்கக்கா?" என்று பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள். தலையில் இறுக்கமாகத் துண்டு கட்டியிருந்தாள், ஒற்றைத் தலைவலியாம். தமயந்தி, "ஒரு வருஷம் ஆகப்போகுது" என்றாள். "நான் ரொம்ப நாளா வாரேன். முதல்ல நானும் நம்பல. எங்க வீட்டு டாமிக்கு உடம்பெல்லாம் சொறி, முடி கொட்டிப் பாக்க முடியாம இருந்துச்சு. இவரு ஒரு புட்டி குடுத்தாரு. பாலுல போட்டு வெச்சோம். ஒரே மாசம், முடியெல்லாம் முளைச்சுருச்சு. நம்பிக்கையாலதான் சரியாகுதுங்கறாங்களே படிச்சவங்க, நாய்க்கு என்னக்கா நம்பிக்கை? அதுக்கு ஹோமியோபதின்னு எழுதிக் காட்டினா புரியுமா?" இந்த நாயை தமயந்திக்கு நன்றாகத் தெரியும். இதே நாய் சில சமயம் பசுமாடாக வரும், சில சமயம் கைக்குழந்தையாக வரும். எல்லா வாதத்திலும் ஒன்று வந்து வாலாட்டிக்கொண்டு நிற்கும். அவளிடம் பதிலும் இருக்கிறது. "சொறி தானாவும் போகும்ல? அதோட, நாய் நல்லாயிருக்குன்னு நாயா வந்து சொல்லிச்சு? நீங்கதானே சொல்றீங்க? நல்லாகணும்னு ஆசைப்பட்டவங்க கண்ணுக்கு நல்லாத்தானே தெரியும்?" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் குரல் வகுப்பறைக் குரலாக இருந்தது தெரிந்தது. அந்தப் பெண் தலைத்துண்டை ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு, "அப்படின்னா நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தமயந்தி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், மூடியிருந்ததைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

எதற்கு வந்தேன்? பிடிக்க வந்தேன். இந்த மனிதர் என்ன செய்கிறார் என்று கையும் களவுமாகப் பிடிக்க. நன்றாகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். முதலாமாண்டு மாணவிகளுக்கு அவள் வருஷா வருஷம் போடுகிற கணக்கு ஒன்று உண்டு. ஒரு சொட்டு மருந்து, தொண்ணூற்றொன்பது சொட்டு சாராயம், நன்றாகக் குலுக்கு. அதில் ஒரு சொட்டு எடு, மறுபடி தொண்ணூற்றொன்பதில் விடு, குலுக்கு. இப்படி முப்பது தடவை. இப்போது இந்தக் குப்பியில் முதலில் விட்ட மருந்தின் ஒரு மூலக்கூறாவது மிச்சம் இருக்குமா? பன்னிரண்டாவது தடவையைத் தாண்டும்போதே கதை முடிந்துவிடும், மிச்சத் தடவையெல்லாம் வெறும் சாராயத்தைச் சாராயத்தில் விட்டுக் குலுக்குவதுதான். வகுப்பே சிரிக்கும். உலகம் பூராவும் செய்த சோதனைகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். சின்னச் சின்னதாக, அசட்டையாகச் செய்த சோதனைகளில் ஏதோ பலன் தெரிகிறது, பெரிதாகவும் கண்டிப்பாகவும் செய்யச் செய்ய அந்தப் பலன் கரைந்து வெறும் சீனி உருண்டையின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அந்தக் கட்டுரையை அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். குலசேகரன் அதன்மேல் இட்லித் தட்டை வைத்துச் சாப்பிட்டார். சட்னி பட்டு எழுத்து கலங்கிப்போயிற்று. சரி, மருந்தில் ஒன்றும் இல்லை, ஆனால் ஆள் நன்றாக இருக்கிறார். அப்படியானால்? அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. ஸ்டீராய்டு. உருண்டையில் ஸ்டீராய்டு தூளைக் கலக்கிறார். ஊரில் சில போலிகள் செய்கிற வேலைதானே, இளைப்பு உடனே அடங்கும், பின்னால் எலும்பை அரிக்கும், சர்க்கரையை ஏற்றும். அதனால்தான் அவர் முகம் உப்பியிருக்கிறதோ? உப்பியிருக்கிறதா, பூசினாற்போல் இருக்கிறதா? ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, கல்லூரி ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உருண்டைகளைப் பொடித்துக் கரைத்து, ஒரு பக்கம் அதையும் இன்னொரு பக்கம் கடையில் வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையையும், கலந்திருப்பதைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் பூச்சுத் தட்டில் ஓட்டிப் பார்த்தாள். புறஊதா விளக்கின் கீழே ஸ்டீராய்டு ஓடிய பக்கம் கறுப்பாக ஒரு பொட்டு. உருண்டை ஓடிய பக்கம் துப்புரவாக ஒன்றுமில்லை. விளக்கை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். இன்னொரு தட்டில் ஓட்டினாள். ஒன்றுமில்லை. ஒரு மனிதன் யோக்கியன் என்று தெரிந்ததற்காக அவ்வளவு எரிச்சல் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அப்புறம்தான் அதைச் செய்தாள். சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஹோமியோ மருந்துக்கடை ஒன்று இருக்கிறது, அங்கே மருந்து ஏற்றாத வெறும் உருண்டை கிலோ கணக்கில் கிடைக்கும். அதே அளவு, அதே வெள்ளை. ஸ்பிரிட்டும் அங்கேயே வாங்கி நாலு சொட்டு விட்டுக் குலுக்கினாள், வாசனைக்கு. புரட்டாசி பிறந்த அன்று அவர் குளிக்கப் போனதும் குப்பியைக் கவிழ்த்து, இதை நிரப்பினாள். இதில் என்ன தவறு? ஒன்றுமில்லாததை எடுத்துவிட்டு ஒன்றுமில்லாததை வைத்திருக்கிறேன். கணக்குப்படி எந்த வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் இல்லையென்றால் ஏன் குளியலறையில் தண்ணீர் நிற்கிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாய் என்று ஒரு குரல் கேட்டது. ஏன் கை கழுவினாய்? சீனி பட்ட கை, கழுவினேன். அவர் பழைய குப்பி எதையாவது தேடி எடுத்துச் சாப்பிட்டுவிட்டால் சோதனை கெட்டுவிடுமே என்று மறுநாளிலிருந்து அவளே கொடுக்க ஆரம்பித்தாள். உருண்டையைக் கையால் தொடக்கூடாது என்பது இவர்கள் சாஸ்திரம், குப்பி மூடியில் எண்ணி விட்டு வாயில் கவிழ்க்கவேண்டும். தினமும் காலையில் அவர் குழந்தைபோல் வாயைத் திறப்பார், அவள் கவிழ்ப்பாள், கரைகிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பாள். பிறகு நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். இளைக்கிறாரா? இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாரா? கொஞ்சம் குறைவு, ஆனால் வயசாகிறது. ஊதிப் பார்க்கிற மானி ஒன்று வீட்டில் இருக்கிறது, அதை எடுத்தால் ஏன் எதற்கு என்று கேட்பார், அதனால் எடுக்கவில்லை. கிரிக்கெட் பார்த்துக்கொண்டே கூடத்து ஈசிச் சேரில் சாய்ந்து தூங்கிவிடுகிறார், எழுப்பினாலும் இங்கேயே இருக்கேன் என்கிறார். ஓய்வு பெற்ற மனிதர், நிம்மதியாகத் தூங்கட்டும். நாட்கள் போகப் போக அவளுக்கு ஒரே உற்சாகம். வெறும் சர்க்கரையில் மனுஷன் ஜம்மென்று இருக்கிறாரே! காலையில் உருண்டையைக் கவிழ்க்கும்போதே முகத்தில் சிரிப்பு வந்துவிடும். அவருக்குப் பிடித்த வெந்தயக் குழம்பை அடிக்கடி வைத்தாள். இத்தனை நாளில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வெளியே தூறல் வலுத்தது. ஐப்பசி பிறந்துவிட்டது, இனி இரண்டு மாதம் மலைக்கோட்டையே கண்ணுக்குத் தெரியாமல் கொட்டும். தமயந்தி ஜன்னல் பக்கம் பார்த்து, உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும், கதவு திறந்ததும் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு. டாக்டர், இவர் இத்தனை நாளாகச் சாப்பிட்டது உங்கள் மருந்தை இல்லை, கடையில் வாங்கிய வெறும் உருண்டை. ஆனாலும் நன்றாக இருக்கிறார். ஆக, உங்கள் மருந்துக்கும் இவர் மூச்சுக்கும் சம்பந்தமில்லை. போன கார்த்திகையில் நோய் உச்சத்தில் இருந்தபோது உங்களிடம் வந்தார், உச்சத்துக்குப் பிறகு எந்த நோயும் இறங்கத்தான் செய்யும், தை மாசியில் மழை நின்றது, பங்குனி வெயிலில் காற்று காய்ந்தது, அவ்வளவுதான். மழை மறுபடி வந்துவிட்டது, அதனால் இன்றே இவர் இன்ஹேலருக்குத் திரும்பவேண்டும். இங்கேதான் ஒவ்வொரு தடவையும் சிக்கியது. வெறும் உருண்டையில் நன்றாக இருக்கிறவருக்கு இன்ஹேலர் எதற்கு என்று அந்த மீசைக்காரர் கேட்டால்? கேட்பார். நானாக இருந்தால் கேட்பேன். தான் செய்த நிரூபணம் இரண்டு பக்கமும் வெட்டுகிறதே என்று அவளுக்குக் காலையில் பல் தேய்க்கும்போதே தோன்றியிருந்தது, வாய் கொப்பளித்ததோடு அதையும் துப்பப் பார்த்தாள். போகவில்லை. இன்னொன்று. இந்த உண்மையைக் கேட்டதும் அவர் முகம் எப்படி இருக்கும்? நம்பிக்கைதான் மூச்சைத் தாங்கிக்கொண்டிருந்தது என்றால், நம்பிக்கையை உடைத்த அந்த நிமிஷமே இங்கேயே அடைத்துக்கொண்டுவிட்டால்? சே, நம்பிக்கையால் மூச்சுக்குழாய் வீங்காமல் இருக்குமா? ஆள் தன் இளைப்பைப் பொருட்படுத்தாமல் இருப்பார், அவ்வளவுதான் நம்பிக்கை செய்யும் என்று படித்திருக்கிறாள். பொருட்படுத்தாமல் இருப்பது. அந்தச் சொல்லில் கொஞ்ச நேரம் நின்றாள். படியில் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தாரே, அது வாரே இல்லாத செருப்பு அல்லவா? இன்றைக்கு எதைப் போட்டுக்கொண்டு வந்தார்? எழுந்துபோய் வாசலில் பார்க்கலாமா என்று நினைத்தபோது கதவு திறந்தது.

உதவிக்கு இருக்கிற எஸ்தர் தலையை நீட்டி, "மேடம், டாக்டர் உங்களையும் உள்ள வரச் சொல்றாரு" என்றாள். தமயந்தி புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு போனாள். குலசேகரன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க மேடம்" என்றார் டாக்டர் அம்புரோஸ். "வருஷம் ஒண்ணு ஆகப்போகுது, மருந்தை மாத்தணும்னு நினைக்கிறேன். மாத்துறதுக்கு முன்னால கூட இருக்கிறவங்க சொல்றதையும் கேட்டுக்குவேன், அது எங்க முறை. சார் எப்படி இருக்காரு?"

இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவளே கேட்டு வாங்கியிருந்தாலும் கிடைத்திருக்காது. "நல்லா இருக்காரு டாக்டர்" என்றாள். "ரொம்ப நல்லா இருக்காரு. புரட்டாசியிலேருந்து ஒரு தடவைகூட இளைப்பு வரல. அதைப் பத்தித்தான் நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். "சார், நீங்க வீட்டுல சொல்லவே இல்லையா?"

குலசேகரன் தொண்டையைச் செருமினார். "கொஞ்ச நாளாவே சரியில்ல தமயந்தி" என்றார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டுத்தான் பேசினார். எவ்வளவு நாளாக இப்படிப் பேசுகிறார்? "படுத்தா அடைக்குது. உக்காந்தா தேவல. மழை ஆரம்பிச்சதுலேருந்து உக்காந்தாலும்..." முடிக்காமல் கையை மட்டும் அசைத்தார்.

"இன்ஹேலர் பஃப் தினமும் எடுத்துக்கிறீங்கல்ல?" என்றார் டாக்டர். அவர் மேஜை விரிப்பைப் பார்த்தார். "சார், நான் அதை நிறுத்தச் சொன்னேனா உங்ககிட்ட?"

"நீங்க சொல்லல. நானாத்தான்."

டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினார் என்று இத்தனை நாளாக மனதுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தாளே! இப்போதுகூட அவள் சந்தேகம் விட்டேனா பார் என்று ஒரு முறை தலையைத் தூக்கியது. இரண்டு பேரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்களா? ஆனால் அவர் தோள் இரண்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின, கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. அதை யாரும் நடிக்க முடியாது. மறைக்கத்தான் முடியும். அவளிடமிருந்து மறைத்திருக்கிறார், அவளும் ராத்திரி பகலாகக் கவனிக்கிறேன் என்று எதிரிலேயே உட்கார்ந்து மறைக்கக் கொடுத்திருக்கிறாள். பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தாள்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?" என்றாள். "நான் சிரிப்பேன்னா?"

"சிரிச்சா என்ன, புதுசா?" என்றார். நிஜமாகவே லேசாகச் சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்து, அது அடங்கக் காத்திருந்து பேசினார். "அதில்ல. அந்தக் குப்பியைக் கண்டாலே உனக்கு ஆகாது. திடீர்னு ஒருநாள் நீயே எடுத்து வாயில போட்ட. தினமும் போட்ட. கரையிற வரைக்கும் பக்கத்துல நின்னு பாத்துட்டு, முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணம் ஆன புதுசுலகூட நீ அப்படி நின்னதில்ல. இவ்வளவு ஆசையா குடுக்குறவகிட்ட, இது கேக்கலன்னு எப்படிச் சொல்றது?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தமயந்தி காலையிலிருந்து ஓட்டிப் பார்த்த பேச்சில் ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை. ஆக, உங்கள் மருந்துக்கும் இவர் மூச்சுக்கும். ஆக, என்ன ஆக? அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது. டாக்டர் முன்னால் அதெல்லாம் முடியாது. "அது மருந்தே இல்லைங்க" என்றாள். "நான்தான் மாத்தி வெச்சேன். வெறும் உருண்டை. கடையில வாங்கினது."

இப்போது சொல்வார் டாக்டர், பாத்தீங்களா மேடம், என் மருந்தை எடுத்ததும் இளைப்பு திரும்பிருச்சு என்பார், அதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. மழை, குளிர், ஒரே ஒரு நோயாளி, அதெல்லாம் ஆதாரமாகாது. அந்தப் பதில் அவள் தொண்டையில் வந்து நின்றதற்காக அவள் தன்னையே வெறுத்தாள். டாக்டர் அம்புரோஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை. மனதுக்குள் சொல்லிக்கொண்டாரோ என்னவோ, அது அவருக்குத்தான் தெரியும். எழுந்து வந்து குலசேகரனின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "முதல்ல இவரை நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கம்மா. இப்பவே போங்க. மத்ததை அப்புறம் சண்டை போட்டுக்கலாம்" என்றார்.

படி இறங்கும்போது அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கோபப்படுவார் என்று ஒவ்வொரு படியிலும் எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும், பதிலுக்கு அழலாம். நடுப்படியில் அவர் நின்றார், இந்தத் தடவை எதையும் சரி செய்வதுபோல் குனியவில்லை, சுவரில் சாய்ந்து வெளிப்படையாகவே மூச்சு வாங்கினார். அவளும் நின்றாள். நின்று அந்த மூச்சைக் கேட்டாள். நெஞ்சுக்குள்ளே எங்கோ அடியிலிருந்து மெல்லிசாகக் கீச்சிட்டுக்கொண்டு வந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"பேசாதீங்க. அப்புறம் கேளுங்க."

"இல்ல, இப்பவே தோணுது. நீ குடுக்க ஆரம்பிச்ச புதுசுல, முதல்ல கொஞ்ச நாள், எனக்கு நெஜமாவே நல்லா இருந்துச்சு. பொய் இல்ல. மறைக்கவும் இல்ல. நெஞ்சு அப்படியே லேசா இருந்துச்சு. அதுல ஒண்ணுமே இல்லன்னு சொல்றியே தமயந்தி, அப்ப அது என்ன?"

இந்தக் கேள்வியை முன்பெல்லாம் மாணவிகள் கேட்டிருக்கிறார்கள். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பெயர் எழுதிப்போட்டு விளக்கியிருக்கிறாள். அவர் முகத்தில் குறும்பு இல்லை, குத்தல் இல்லை, தெரிந்தவளிடம் தெரிந்துகொள்ளக் கேட்கிற முகம். வாசலுக்கு வந்ததும் அவள் குடையை விரித்து அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். தெருவில் இறங்கி ஆட்டோவுக்குக் கையைக் காட்டும்வரை அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.